எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

கேள்வி இதுதான்: “சிங்கிள் ஃபேஸ் வீடு. மெயினில் 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்). காலையில் கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு, ஏ.சி., மோட்டார் எல்லாம் ஓடும் நேரத்தில் அயர்ன் பாக்ஸ் போட்டால் இருபது நிமிடத்தில் ட்ரிப் ஆகிறது. எலக்ட்ரீசியன் 40 ஆம்ப்ஸ் மாட்டிவிடலாம் என்கிறார். ஒவ்வொரு பொருளும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?”

முடியும். சூத்திரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்: வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட்ஸ் கீசர், 230 வோல்ட், ஆக 8.7 ஆம்ப்ஸ். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்ப்ஸ். தலையில் போடுவதானால் ஆயிரம் வாட்ஸுக்கு நாலே கால் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிதாகத் தப்பாது.

வகுத்தலில் யாரும் தவறுவதில்லை. எந்த வாட்ஸை எடுத்து வகுக்கிறோம் என்பதில்தான் தவறுகிறோம். ஒரே பொருளின் மேல் மூன்று நான்கு எண்கள் அச்சாகியிருக்கும், அவற்றில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது.

ஏ.சி.யையே எடுத்துக்கொள்வோம். “ஒன்றரை டன்” என்கிறோம். ஒரு டன் என்பது குளிர்விக்கும் திறனின் அளவு, சுமார் 3517 வாட்ஸ். ஒன்றரை டன் என்றால் 5275 வாட்ஸ். அதை 230-ஆல் வகுத்து “ஐயோ, 23 ஆம்ப்ஸா?” என்று பயந்து, தடித்த ஒயர் இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 5275 வாட்ஸ், அறையிலிருந்து வெளியே தள்ளப்படும் வெப்பம். அந்த வேலையைச் செய்ய ஏ.சி. மின்சாரமாக எடுப்பது 1500 வாட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். வெளியில் இருக்கும் யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதில் கூலிங் கெப்பாசிட்டி என்று ஒரு எண்ணும், பவர் இன்புட் என்று இன்னொரு எண்ணும் தனித்தனியாக இருக்கும். இன்புட்டைத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குப் பக்கத்திலேயே ஆம்பியரும் அச்சாகியிருக்கும். அப்படியானால் கணக்கே வேண்டாம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 7 ஆம்ப்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்பக்கம் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் “ஆண்டுக்கு இத்தனை யூனிட்” என்று இருக்குமே, அது இந்தக் கணக்குக்கு உதவாது. ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட மொத்தக் கணக்கு அது. 800 யூனிட் என்று போட்டிருந்தால் சராசரி 500 வாட்ஸ், 2 ஆம்ப்ஸ் என்று வரும். ஆனால் சித்திரை மாத மதியம் மூன்று மணிக்கு உங்கள் ஒயரில் ஓடுவது அந்த 2 ஆம்ப்ஸ் கிடையாது. ஈ.பி. பில்லுக்கு சராசரி போதும். ஒயருக்கும் எம்.சி.பி.க்கும் உச்சம் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

இன்டக்‌ஷன் அடுப்பிலும் இதே வம்பு உண்டு. “நான் 500-ல்தானே வைத்திருந்தேன்” என்பார்கள். பல அடுப்புகளில் குறைந்த அளவில் வைத்தால் அது தொடர்ந்து 500 வாட்ஸ் எடுக்காது. ஆயிரத்துக்கும் மேலாகச் சில விநாடி இழுக்கும், சில விநாடி நிற்கும், மறுபடி இழுக்கும். காது கொடுத்துக் கேட்டால் அந்த விட்டு விட்டு வரும் சத்தமே சொல்லும். சராசரி 500 ஆகிவிடும், ஆனால் இழுக்கும் நேரத்தில் ஒயரில் ஓடுவது 5 ஆம்ப்ஸுக்குக் கிட்டத்தட்ட. அயர்ன் பாக்ஸும் கீசரும் அப்படியே: தெர்மோஸ்டாட் ஆன் செய்திருக்கும் வரை முழுக் கரண்ட், விட்டால் பூஜ்யம், நடுவில் எதுவும் இல்லை.

மைக்ரோவேவ் வேறு மாதிரி ஏமாற்றும். பெட்டியில் 800 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பது உணவுக்குள் போகும் அளவு. சுவரிலிருந்து அது எடுப்பது 1200, 1300 வாட்ஸ், அதாவது ஐந்தரை ஆம்ப்ஸ் வரை. வாஷிங் மெஷினில் மேலே துணி போடும் வகை என்றால் 400, 500 வாட்ஸ், இரண்டு ஆம்ப்ஸ் சொச்சம்தான். முன்பக்கக் கதவு வகையில் உள்ளே ஹீட்டர் இருக்கும். வெந்நீர் அலசல் வைத்தால் 2000 வாட்ஸ் வரை ஏறும், அதுவும் ஒரு கீசர்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி மோட்டார். இங்கே எண் மட்டுமல்ல, சூத்திரமே கொஞ்சம் மாறும்.

ஒரு எச்.பி. என்றால் 746 வாட்ஸ். 230-ஆல் வகுத்தால் 3.2 ஆம்ப்ஸ். போர்வெல் மோட்டாரில் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் ஐந்தரை, ஆறு காட்டும். எங்கே போனது மீதி? முதலாவது, எச்.பி. என்பது மோட்டாரின் தண்டு வெளியே கொடுக்கும் வேலை. சின்ன சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் உள்ளே போகும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வேலையாக வெளியே வரும், மீதி சூடாகப் போய்விடும். 65 சதவீதம் என்று வைத்தால் உள்ளே போவது 1148 வாட்ஸ். இரண்டாவது, பவர் ஃபேக்டர். மோட்டாருக்குள் இருக்கும் காயில் காந்தப் புலத்தை உருவாக்கக் கொஞ்சம் கரண்டை வாங்கும், அடுத்த கணமே திருப்பி அனுப்பும். அது வேலையும் செய்யாது, வீட்டு மீட்டரில் யூனிட்டாகவும் ஏறாது. ஆனால் ஒயர் வழியாகத்தான் போய் வருகிறது, ஒயரைச் சூடாக்கத்தான் செய்கிறது. பவர் ஃபேக்டர் 0.9 என்றால், 1148-ஐ 230-ஆல் வகுத்து, மறுபடி 0.9-ஆல் வகுக்க வேண்டும். 5.5 ஆம்ப்ஸ். இப்போது கிளாம்ப் மீட்டரோடு ஒத்துப்போகிறதா?

பவர் ஃபேக்டர் என்றால் என்ன என்பதைக் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் பழைய தாமிரச் சோக் வைத்த 40 வாட்ஸ் டியூப் லைட். 40-ஐ 230-ஆல் வகுத்தால் 0.17. உண்மையில் அது எடுத்தது 0.43 ஆம்ப்ஸ், இரண்டரை மடங்கு. சோக்கின் இழப்பையும் சேர்த்தால்கூட 50 வாட்ஸ்தான். மீதியெல்லாம் போய்த் திரும்பி வரும் கரண்ட். இன்று மலிவு விலை எல்.இ.டி. பல்புகளும் 0.5 பவர் ஃபேக்டரில் ஓடுகின்றன. ஆனால் 9 வாட்ஸ் பல்பு 0.04-க்குப் பதில் 0.08 ஆம்ப்ஸ் எடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? வீட்டில் இருபது பல்பு எரிந்தாலும் ஒன்றரை ஆம்ப்ஸ். விட்டுவிடுங்கள். ஹீட்டர் வகை (கீசர், அயர்ன் பாக்ஸ், கெட்டில், டோஸ்டர்) அனைத்துக்கும் பவர் ஃபேக்டர் 1, வெறும் வகுத்தல் போதும். பழைய பிரிட்ஜுக்கு 0.7 என்று போட்டால் 120 வாட்ஸ் கம்ப்ரஸர் முக்கால் ஆம்ப்ஸ் வரும். சீலிங் ஃபேன் 75 வாட்ஸ், மூன்றில் ஒரு பங்கு ஆம்ப்ஸ். பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை) என்றால் அதில் பாதிகூட இல்லை. மிக்ஸி 750 வாட்ஸ் என்றால் அது உள்ளே எடுக்கும் அளவுதான், மூன்றே கால் ஆம்ப்ஸ். கெட்டிச் சட்னி சிக்கித் திணறினால் அதற்கு மேலும் போகும்.

சரி, வோல்டேஜ் 230-ஆக இல்லாவிட்டால்? நம் ஊரில் மாலை ஏழு மணிக்கு 200-க்கு இறங்கும் தெருக்கள் எத்தனையோ. இங்கேதான் பொருள்கள் இரண்டு கட்சியாகப் பிரியும்.

கீசர் ஒரு தடைக் கம்பி. 230 வோல்ட்டில் 2000 வாட்ஸ் என்றால் அதன் தடை சுமார் 26.5 ஓம். 200 வோல்ட் கொடுத்தால் 7.5 ஆம்ப்ஸ்தான் இழுக்கும், வாட்ஸ் 1500-க்கு இறங்கிவிடும். பதினைந்து லிட்டர் தண்ணீர் சூடாகப் பதினேழு நிமிடம் ஆனது, இப்போது இருபத்திரண்டு நிமிடம் ஆகும். நமக்குப் பொறுமை போகும், ஒயருக்கு நல்லதுதான்.

மோட்டாருக்கு நேர் எதிர். மேலே டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய பாரம் அப்படியே இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் அந்த வேலையைச் செய்ய அது கரண்டைக் கூட்டி இழுக்கும். 5.5 ஆம்ப்ஸ் 6.4-க்குப் போகும். காயிலில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சூடு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிவதன் ரகசியம் இதுதான். “கரண்டே கம்மியாத்தான வருது, அப்புறம் எப்படி எரிஞ்சது?” என்று எங்கள் தெருவில் ஒரு தாத்தா ஒவ்வொரு கோடையிலும் கேட்பார். குறைவது வோல்டேஜ், ஏறுவது கரண்ட் என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். இன்வெர்ட்டர் ஏ.சி.யும் மோட்டார் கட்சிதான்: வோல்டேஜ் இறங்க இறங்க ஆம்ப்ஸைக் கூட்டி அதே குளிரைக் கொடுக்கப் பார்க்கும்.

இப்போது உங்கள் வீட்டுக் காலை நேரத்துக்கு வருவோம். ஏ.சி. 7, கீசர் 8.7, இன்டக்‌ஷன் 2000-ல் வைத்திருந்தால் 8.7, மோட்டார் 5.5, பிரிட்ஜ் 0.8, நான்கு ஃபேன் 1.3, லைட்டும் டி.வி.யும் சார்ஜரும் 0.7. கூட்டினால் 32.7. அயர்ன் பாக்ஸ் 4.3-ஐச் சேர்த்தால் 37 ஆம்ப்ஸ். (பவர் ஃபேக்டர் வேறு வேறாக இருக்கும் பொருள்களை இப்படி நேராகக் கூட்டினால் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். வீட்டுக் கணக்குக்கு அது பாதுகாப்பான பக்கம் சாயும் தவறு.)

32 ஆம்ப்ஸ் எம்.சி.பி.யில் 37 ஓடினால் ஏன் உடனே விழவில்லை, ஏன் இருபது நிமிடம்? எம்.சி.பி.க்குள் இரண்டு காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் காந்தச் சுருள்: ஷார்ட் சர்க்யூட் ஆனால் கண் சிமிட்டும் நேரத்தில் விழுத்துவிடுவார். மற்றவர் இரட்டை உலோகப் பட்டை: கூடுதல் கரண்ட் ஓட ஓடச் சூடாகி, மெல்ல வளைந்து, பிறகுதான் விழுத்துவார். தரநிர்ணயத்தின்படி வீட்டு எம்.சி.பி., எழுதியிருக்கும் அளவைப்போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 32-க்கு இந்த எல்லைகள் 36-ம் 46-ம். நீங்கள் நிற்பது இரண்டுக்கும் நடுவில். அந்த அளவுகளும் 30 டிகிரி வெப்பத்தில் சொல்லப்பட்டவை. எம்.சி.பி.கள் இருக்கும் மூடிய டி.பி. பாக்ஸுக்குள், பக்கத்துப் பக்கத்தில் சூடான எம்.சி.பி.கள் நெருக்கியடித்து நிற்கும்போது பட்டை இன்னும் சீக்கிரமே வளையும். ஆக உங்கள் எம்.சி.பி. கெட்டுப்போகவில்லை. தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

அதில் பி, சி என்று ஒரு எழுத்து இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது காந்தச் சுருள் எப்போது விழ வேண்டும் என்பதைச் சொல்கிறது. பி வகை எழுதியிருக்கும் அளவைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கில், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கில். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் மோட்டாருக்குச் சி வகை போடுவார்கள். பி போட்டால் சுவிட்சைத் தட்டியதும் விழும், வீட்டில் எல்லோரும் மோட்டார் போச்சு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்.

அடுத்தது எலக்ட்ரீசியன் சொன்ன 40. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மீட்டரிலிருந்து டி.பி.க்கு வரும் ஒயரின் தடிமன் எத்தனை ஸ்கொயர் எம்.எம்.? எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரைத்தான், பொருள்களை அல்ல. பைப்புக்குள் போகும் தாமிர ஒயர் தாங்குவது தோராயமாக இவ்வளவு: ஒன்றரை ஸ்கொயர் 13 முதல் 15 ஆம்ப்ஸ், இரண்டரை 18 முதல் 20, நாலு 25-க்குச் சற்று மேல், ஆறு 31 முதல் 35, பத்து 40-ஐத் தாண்டும். ஒரே பைப்பில் எத்தனை ஒயர் போகிறது, மொட்டைமாடி வெயிலில் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து இது இன்னும் குறையும். ஒயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் நாலு ஸ்கொயர் இருந்தால் இப்போது இருக்கும் 32 ஆம்ப்ஸே அதிகம். அதில் 40 போடுவது, காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை மாற்றுவது போல. ட்ரிப் நிற்கும். சுவருக்குள் இன்சுலேஷன் மெல்ல வெந்துகொண்டிருக்கும். பத்து ஸ்கொயர் இருந்தால் அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அப்போதும் ஈ.பி.யில் உங்களுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பார்க்க வேண்டும். 37 ஆம்ப்ஸ் என்றால் எட்டரை கிலோவாட் வரை ஆகிறது.

என் யோசனை இதைவிட மலிவானது: மோட்டாரைக் காலையில் போடாதீர்கள். மதியமோ இரவு பத்துக்கு மேலோ டேங்க் நிரப்பினால் ஐந்தரை ஆம்ப்ஸ் கழிந்தது, மொத்தம் 31.5. கீசர் சூடாகி விளக்கு அணைந்த பிறகு அயர்ன் போட்டால், கீசர் ஓடும்போது 27 ஆம்ப்ஸ், அயர்ன் ஓடும்போது 23தான். மெயின் ஒயர் நாலு ஸ்கொயராக இருந்தால் இதுவும் விளிம்புதான். ஆறோ பத்தோ மாற்றிக்கொள்வதே நிரந்தரத் தீர்வு.

மெயினைவிட எனக்கு அதிகப் பயம் ப்ளக்கைப் பற்றித்தான். பழைய பெயரில் 5 ஆம்ப்ஸ் ப்ளக், 15 ஆம்ப்ஸ் பவர் ப்ளக் என்கிறோம். இப்போது அவை 6-ம் 16-ம். 2000 வாட்ஸ் பொருள் எதுவானாலும் 8.7 ஆம்ப்ஸ், அது சின்ன ப்ளக்கில் போகவே கூடாது. கன்வர்ட்டர் பின் வாங்கிச் செருகுபவர்கள் அந்தப் பின்னை அரைமணி கழித்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ தளர்ந்த ஒரு இணைப்பில் 0.2 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 8.7-இன் வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்கினால் 15 வாட்ஸ். சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான். அதில் பாதிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நாள்தோறும் காய்கிறது. எங்கள் பழைய வாடகை வீட்டில் இன்டக்‌ஷன் போட்டிருந்த ப்ளக் இப்படித்தான் பழுப்பேறி, ஒரு நாள் மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வந்த பிறகே கண்டுபிடித்தோம். எம்.சி.பி. விழவே இல்லை. ஏன் விழும்? ஓடியது வெறும் 8.7 ஆம்ப்ஸ்தானே. கணக்கு சரியாக இருந்தும் ஸ்க்ரூ சரியாக இல்லை.

கணக்கை நம்பாமல் அளந்து பார்க்க விரும்பினால் இரண்டு வழி. கிளாம்ப் மீட்டர் ஒன்று. அதை ஃபேஸ் ஒயரை மட்டும் சுற்றி மாட்ட வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளை அப்படியே கவ்வினால் போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும். மீட்டர் ரிப்பேர் என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. டி.பி.யைத் திறக்கும் வேலை என்பதால் எலக்ட்ரீசியனை வைத்தே செய்யுங்கள்.

இன்னொரு வழிக்குக் காசே வேண்டாம். ஈ.பி. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் அருகில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சாகியிருக்கும், பெரும்பாலும் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டிய பொருளை மட்டும் போட்டு, பத்து மினுக்கலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். 3200 மீட்டரில் பத்துத் துடிப்புக்கு, 11,250-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட்ஸ். இருபது விநாடி ஆனால் 562 வாட்ஸ். ஆறு விநாடிக்குள் முடிந்தால் கீசர் மாதிரி ஏதோ ஓடுகிறது. இது காட்டுவது உண்மையான வாட்ஸ் மட்டும் என்பதால் மோட்டாருக்குப் பவர் ஃபேக்டரால் வகுக்க மறக்காதீர்கள். நான் ஒரு முறை எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்குவதைப் பார்த்து வீட்டையே சல்லடை போட்டுத் தேடினேன். கடைசியில் அது மாடியில் மறந்துபோன யு.பி.எஸ்.

யு.பி.எஸ். என்றதும் ஞாபகம் வருகிறது. அதே சூத்திரத்தில் 230-க்குப் பதில் 12 போட்டுப் பாருங்கள். மூன்று பழைய ஃபேனும் சில லைட்டும் சேர்ந்து 270 வாட்ஸ். வீட்டு ஒயரில் அது ஒரு ஆம்ப்ஸ் சொச்சம். பேட்டரி பக்கம் 22 ஆம்ப்ஸ், யு.பி.எஸ். தின்னும் இழப்பையும் சேர்த்தால் 28. பேட்டரி ஒயர் ஏன் விரல் தடிமனில் இருக்கிறது என்பது இப்போது புரியும். 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரியை 28-ஆல் வகுத்து ஐந்து மணி நேரம் வரும் என்று நம்பிவிடாதீர்கள். அந்த 150 என்பது இருபது மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் குறைவாகத்தான் கொடுக்கும். ஃபேன்களைப் பி.எல்.டி.சி.க்கு மாற்றினால் லோடு பாதியாகும், பேட்டரி இரண்டு மடங்கு நேரத்துக்கும் மேல் வரும்.

இதைப் படிக்கும் த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலும் ஒவ்வொரு பொருளும் ஓடுவது ஒரு ஃபேஸில், 230 வோல்ட்டில்தான். கணக்கில் மாற்றம் இல்லை. கீசர் ஒரு ஃபேஸ், ஏ.சி. ஒரு ஃபேஸ், சமையலறை ஒரு ஃபேஸ் என்று பிரித்திருந்தால் ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு ஆம்ப்ஸோடு நிம்மதியாக இருக்கும். ஒரு ஃபேஸ் போனதும் சேஞ்ச் ஓவரைத் திருப்பி எல்லாவற்றையும் இருக்கிற ஃபேஸில் தள்ளுகிறோம் பாருங்கள், அப்போதுதான் மூன்றின் சுமையும் ஒன்றின் தலையில் ஏறும். தெருவே அப்படித் திருப்புவதால் அந்த ஃபேஸின் வோல்டேஜும் இறங்கும், மோட்டாரும் ஏ.சி.யும் இன்னும் கூட்டி இழுக்கும். திருப்புவதற்கு முன் கீசரை அணைத்துவிடுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. விழுந்தது எம்.சி.பி.தானா என்று உறுதியாகத் தெரியுமா? டி.பி.யில் அதன் பக்கத்திலேயே, டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டனோடு, சற்று அகலமாக ஆர்.சி.சி.பி. இருக்கும். அதற்கு லோடு கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. 30 மில்லி ஆம்ப்ஸ் எர்த்துக்குக் கசிந்தால் விழும். விழுந்து கிடப்பது அதுவாக இருந்தால் மேலே போட்ட கூட்டல் எதுவும் பயன்படாது. கீசரைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், பிறகு அயர்ன் பாக்ஸை. எதைப் போட்டதும் விழுகிறதோ, கசிவு அதில்தான் இருக்கும், அதைப் பழுது பார்க்க வேண்டும்.